தாதாசாகேப் பால்கேயும் பேசாப் படமும்

பம்பாயில் குடியேறி வாழும் தமிழர்களுக்குத் தாதர் ரயில் நிலையத்தை நாம் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அந்நிலையத்தின் கிழக்குப் புறத்தில், தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் மாதுங்காவுக்கு அண்மையில், ஒரு சாலை செல்கிறது. முன்னாளில் அதற்குத் தாதர் மெயின் ரோடு என்று பெயர். இந்நாளில் தாதாசாகேப் பால்கே சாலை என்று வழங்குகிறது. 1912-ஆம் ஆண்டில் அச்சாலையிலிருந்த பங்களா ஒன்றில் ஒரு குடும்பமும், அக்குடும்பத்தை நம்பி வந்த சில நடிகர்களும் ஏறக்குறைய ஏழு மாத காலம் உழைத்தனர். அவ்வுழைப்பின் பயனாகத் தோன்றியதே ‘ராஜா ஹரிச்சந்திரா’ என்னும் மௌனப் படம். இந்தியர் எடுத்த முதல் முழுநீளக் கதைப் படம் என்று பொதுவாகப் போற்றப்படுவது அது.

அப்படத்தை ஆக்கியவர் மராத்தியர். படம் முதலில் காட்டப்பட்ட நகரமோ மராத்தியரும் குஜராத்தியரும் பார்ஸிகளும் முஸ்லிம்களும் கலந்து வாழ்ந்த நகரம். ஒருவர் மொழியை மற்றவர் அறியாத அந்த ஜனக்கூட்டம் ஒரே கொட்டகையில் அமர்ந்து ஒரே கதைக்குக் கண்ணீர் விட்டது. வேற்று மொழி வழங்கும் ஊர்களில் பிழைப்பை நாடி வாழும் நமக்கு இச்செய்தி தனிச் சுவை உடையது. பால்கேயின் வாழ்க்கையை அந்த நோக்கிலேயே இங்கு சிந்திப்போம்.

துண்டிராஜ் கோவிந்த பால்கே 1870-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள், நாசிக் நகரை அடுத்த திரியம்பகேசுவரத்தில் பிறந்தார். தந்தையார் சம்ஸ்கிருத பண்டிதர். பிற்பாடு பம்பாயில் கல்லூரி ஆசிரியரானார். மகனுக்கோ சாஸ்திரத்தைக் காட்டிலும் சித்திரத்தில் நாட்டம் மிகுதி. பம்பாய் ஜே. ஜே. கலைப் பள்ளியிலும், பின்னர் பரோடா கலாபவனத்திலும் பயின்று, ஓவியம், சிற்பம், புகைப்படக் கலை, அச்சுக் கலை, செப்பிடு வித்தை ஆகிய பலவற்றையும் அவர் கற்றுக்கொண்டார். கோத்ராவில் புகைப்பட நிலையம் ஒன்று வைத்தார். பிளேக் நோய் அவருடைய முதல் மனைவியையும் குழந்தையையும் கொண்டு சென்றது. பின்னர் தொல்பொருள் ஆராய்ச்சி இலாகாவில் வரைபடம் தீட்டும் ஊழியராக இருந்தார். சுதேசி இயக்கம் நாடெங்கும் பரவிய காலத்தில் அந்தச் சர்க்கார் உத்தியோகத்தை உதறிவிட்டு அச்சுத் தொழிலில் இறங்கினார்.

அவர் சேர்ந்தது லோனாவ்லா அருகில் நடைபெற்ற ரவிவர்மா அச்சகத்தில். திருவாங்கூரில் பிறந்த ரவிவர்மா தீட்டிய லக்ஷ்மியும் சரஸ்வதியும் கண்ணனும் அந்த அச்சகத்தின் கல்லச்சுப் பிரதிகளாக நாடு முழுவதும் சென்றன. மராத்தியர் வீட்டுப் பூஜை அறையில் தொங்கிய அதே படம் தஞ்சாவூர்க் கடை ஒன்றின் சுவரிலும் தொங்கிற்று. ஒரே உருவத்தைப் பல மொழியினரும் ஒரே தெய்வமாகக் கண்டுகொள்ளும் அதிசயத்தைப் பால்கே அங்கே தம் கைகளாலேயே அச்சிட்டு அறிந்தார். பின்னர் அவர் திரையில் செய்து காட்டியதற்கு வித்து இங்கே விழுந்தது என்று கருதலாம். 1909-ஆம் ஆண்டில் ஜெர்மனி சென்று அச்சு இயந்திரங்களை வாங்கி வந்தார். சொந்த அச்சகமும் கண்டார். கூட்டாளிகளோடு மனக்கசப்பு மூளவே, அதையும் விட்டு வெளியேறினார். அப்போது அவருக்கு வயது நாற்பது. கையில் தொழில் இல்லை. வீட்டில் குழந்தைகள் இருந்தனர்.

சலனப் படம் அப்போது இந்தியாவுக்குப் புதிதன்று. 1896-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள் பம்பாய் வாட்ஸன் ஹோட்டலில் பிரான்சு நாட்டு லூமியேர் சகோதரர்களின் படங்கள் காட்டப்பட்டன. சில ஆண்டுகளுக்குள் பாட்வடேகர் என்னும் மராத்தியர் மல்யுத்தம் ஒன்றைப் படம் பிடித்தார்; கல்கத்தாவில் ஹீராலால் சென் நாடகக் காட்சிகளைப் படமாக்கினார். நம் திருச்சிராப்பள்ளியில், ரயில்வேயில் வரைபட ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படக்கருவியை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்து இயேசுநாதர் வரலாற்றைக் காட்டினார். ஆனால் இவை சிறு துணுக்குகள். அல்லது வெளிநாட்டார் எடுத்த படங்கள். நம் கதையை நம்மவரே முழுப் படமாக எடுப்பது என்பதை எவரும் எளிதில் கனவு காணவில்லை.

வின்சென்ட்டைப் போலவே வரைபட ஊழியராக இருந்த பால்கேயையும் இயேசுநாதர் வரலாறே தடுத்தாட்கொண்டது. 1910-ஆம் ஆண்டின் இறுதியை ஒட்டி, பம்பாய்க் கொட்டகை ஒன்றில் கிறிஸ்துவின் வாழ்க்கையைக் கூறும் படத்தைக் கண்டார். கண்ணெதிரே கிறிஸ்து நடமாட, பால்கேயின் மனத்தில் கண்ணனும் இராமனும் கோகுலமும் அயோத்தியும் எழுந்தன. நம் தெய்வங்களும் இவ்வாறு திரையில் தோன்றும் நாள் வருமா என்ற ஏக்கம் அவரைப் பற்றிக்கொண்டது. மறுமுறை மனைவி சரஸ்வதிபாயையும் அழைத்துச் சென்று காட்டினார். அதன்பின் இரவு பகலாகப் படங்களைப் பார்ப்பதும், படச்சுருள் துணுக்குகளை ஆராய்வதும், நூல்களைப் படிப்பதுமாகக் கழித்தார். உறக்கமின்மையால் கண்பார்வை மங்கிச் சில காலம் இருளில் கிடந்தார். மருத்துவத்தால் பார்வை மீண்டது. மீண்டதும் பழைய வேலையையே தொடர்ந்தார்.

படமெடுக்கும் கருவியும் கல்வியும் அன்று இந்தியாவில் கிடைப்பன அல்ல. எனவே ஆயுள் இன்ஷூரன்ஸ் பத்திரங்களை ஈடு வைத்து 10,000 ரூபாய் கடன் பெற்று, 1912-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத் தொடக்கத்தில் லண்டனுக்குக் கப்பலேறினார். அங்கே எவரையும் அவருக்குத் தெரியாது. சினிமாப் பத்திரிகை ஒன்றின் பெயர்ப்பலகையைக் கண்டு உள்ளே நுழைந்து, அதன் ஆசிரியரிடம் தம் நோக்கத்தைச் சொன்னார். அந்த ஆங்கிலேயர் முதலில் அவருடைய ஆசையைத் தணிக்கப் பார்த்தார். பிறகு அவருடைய உறுதியைக் கண்டு, செசில் ஹெப்வொர்த் என்னும் பட முதலாளியிடம் அனுப்பி வைத்தார். ஹெப்வொர்த்தின் படநிலையத்தில் சில நாள் தங்கித் தொழிலின் உட்கூறுகளைப் பால்கே கண்டறிந்தார். வில்லியம்ஸன் கேமரா ஒன்றை வாங்கிக்கொண்டு, துளையிடும் பொறிக்கும் படச்சுருளுக்கும் ஏற்பாடு செய்துகொண்டு, ஏப்ரலில் திரும்பினார். மூன்று மாதத்துக்கும் குறைவான இந்தப் பயணம்தான் அவர் பெற்ற சினிமாக் கல்வி முழுவதும்.

துளையிடும் பொறி என்று சொன்னோம். அதைச் சற்று விளக்குவது நலம். அக்காலத்தில் படச்சுருள் ஓரத்தில் துளைகள் இல்லாமலே வெற்று நாடாவாக வந்து சேரும். கேமராவின் பற்கள் அதைப் பிடித்து இழுக்க வேண்டுமானால் இரு ஓரங்களிலும் ஒழுங்காகத் துளைகள் இட வேண்டும். வெளிச்சம் பட்டால் சுருள் கெட்டுவிடும்; ஆகையால் இவ்வேலை முழுதும் இருட்டறையில், கைத் தடவலிலேயே நடக்க வேண்டும். இதனைச் செய்தவர் சரஸ்வதிபாய். பகலில் நடிகர், ஊழியர் யாவருக்கும் சமையல். படப்பிடிப்பின்போது வெயிலில் வெள்ளைத் துணியைப் பிடித்து ஒளியைத் திருப்பும் வேலை. இரவில் துளையிடுதலும், இரசாயனக் கலவை தயாரித்தலும், எடுத்த படத்தைக் கழுவுதலும். அவருடைய நகைகளும் அடகுக் கடைக்குச் சென்றன. இந்தியத் திரைப்படத்தின் தந்தை என்று பால்கேயைப் புகழ்கின்றவர்கள், அதே வீட்டின் இருட்டறையில் தாய் ஒருத்தி இருந்தாள் என்பதையும் நினைத்தல் வேண்டும்.

கடன் கொடுப்பவர்களை நம்ப வைக்கப் பால்கே ஓர் உபாயம் செய்தார். தொட்டியில் ஒரு பட்டாணி விதையை ஊன்றி, அதன் முன் கேமராவை நிறுத்தி, நாள்தோறும் சிறிது சிறிதாகப் படம் எடுத்தார். ஒரு மாத வளர்ச்சி ஒரு சில நிமிஷங்களுக்குள் திரையில் ஓடிற்று. விதை வெடித்து முளை எழுந்து கொடியாகப் படர்ந்தது. அதைக் கண்டவர்களுள் ஒருவர் கடன் தர முன்வந்தார். அதற்கு ஈடாக வீட்டுச் சொத்துக்கள் நின்றன.

முதற் படத்துக்கு ஹரிச்சந்திரன் கதையை அவர் தேர்ந்தது ஆழ்ந்த யோசனையின் பயன். உண்மைக்காக நாட்டையும் மனைவியையும் மகனையும் இழந்து சுடலை காத்த அம்மன்னனின் கதை மராத்தி மேடையிலும் உண்டு; குஜராத்தி மேடையிலும் உண்டு; நம் தெருக்கூத்தில் விடிய விடிய நடக்கும் மயான காண்டத்திலும் உண்டு. திரையில் ஒரு வார்த்தையும் ஒலிக்காவிட்டாலும், இன்ன கட்டம் இது என்று பார்ப்பவர் உடனே அறிந்துகொள்வர். மௌனப் படத்துக்குக் கதையைச் சொல்லிக் கொடுக்கும் வேலையைப் பால்கே பாட்டிமார்களிடமும் கூத்தாடிகளிடமும் ஒப்படைத்துவிட்டார் எனலாம். அவர்கள் அதை முன்னமே செய்து முடித்திருந்தனர்.

நடிகர் தேடுவது பெரும்பாடாயிற்று. டி. டி. தாப்கே என்பவர் ஹரிச்சந்திரனாக அமைந்தார். பால்கேயின் மகன் பாலசந்திரனே லோகிதாசன் ஆனான். தாராமதிக்குத்தான் ஆள் இல்லை. நமது சந்திரமதியை வடக்கே தாராமதி என்பர். குடும்பப் பெண்கள் மட்டுமின்றி, ஆடல் பாடலைத் தொழிலாகக் கொண்ட பெண்களும் கேமராவின் முன் நிற்க மறுத்துவிட்டனர். கடைசியில் கிராண்ட் ரோடு ஹோட்டல் ஒன்றில் மாதம் 10 ரூபாய் சம்பளத்தில் சமையல் வேலை செய்துகொண்டிருந்த அண்ணா சாளுங்கே என்னும் இளைஞரைக் கண்டு, 15 ரூபாய் தருவதாகச் சொல்லி அழைத்து வந்தார். இந்தியத் திரையின் முதற் கதாநாயகி அவ்விளைஞரே. சினிமாவில் வேலை என்று சொன்னால் ஊரார் இழிவாகப் பேசுவர் என்று அஞ்சிய நடிகர்களிடம், ‘ஹரிச்சந்திரன் தொழிற்சாலையில் வேலை’ என்று சொல்லுமாறு பால்கே யோசனை கூறினார். வெளிப்புறக் காட்சிகளுக்காக வாங்கணி என்ற கிராமத்துக்குச் சென்றபோது, வாளும் வேலும் ஏந்திய கூட்டத்தைக் கண்ட கிராமத்தார் கொள்ளைக்காரர் என்று அஞ்சிப் போலீஸாருக்குச் சொல்லிவிட்டனராம். பால்கே வந்து கேமராவை இயக்கிக் காட்டி விளக்கிய பிறகே அவர்கள் விடப்பட்டனர் என்பர்.

1913-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் நகரப் பிரமுகர்களுக்கும் பத்திரிகையாளருக்கும், மே 3-ஆம் நாள் கிர்காம் கொரனேஷன் கொட்டகையில் பொது மக்களுக்கும் படம் காட்டப்பட்டது. நீளம் சுமார் 3,700 அடி, நான்கு சுருள். இதற்கு ஓராண்டுக்கு முன்பு, 1912-ஆம் ஆண்டு மே மாதத்தில், இதே கொட்டகையில் தாதாசாகேப் தோர்ணே என்பவரின் ‘புண்டலீக்’ வெளியாகியிருந்தது. முதன்மை அதற்கே உரியது என்று வாதிடுவோர் உளர். ஆயினும் அது மேடை நாடகம் ஒன்றின் பதிவு. ஆங்கிலேயர் ஒருவர் படம் பிடித்தது. கதை அமைத்தல், படம் பிடித்தல், கழுவுதல், தொகுத்தல் ஆகிய எல்லாவற்றையும் இந்நாட்டிலேயே இந்நாட்டவரே செய்தமையால் பால்கேயின் படத்துக்கு முதலிடம் தருவது வழக்கமாயிற்று.

படத்துக்கு அவர் செய்த விளம்பரம் ஒன்று வேடிக்கையானது. சூரத்தில் முதல் நாள் மூன்று ரூபாயே வசூலாயிற்றாம். நாடகக்காரர்கள் ஆறு மணி நேரம் ஆடும்போது ஒன்றரை மணிக் காட்சிக்கு யார் வருவார் என்று கொட்டகைக்காரர் நொந்துகொண்டார். உடனே பால்கே, 57,000 புகைப்படங்களும் இரண்டு மைல் நீளமும் கொண்ட காட்சிக்கு மூன்றணாதான் கட்டணம் என்று விளம்பரம் செய்தார். கூட்டம் வந்துவிட்டது. அடிக்கு 16 படம் என்ற கணக்கில் பார்த்தால் புகைப்பட எண்ணிக்கை ஏறத்தாழச் சரியே. மைல் கணக்குத்தான் மிகை. 3,700 அடி முக்கால் மைலுக்கும் குறைவு. செப்பிடு வித்தை கற்றவர் அன்றோ!

பேசாப் படத்தில் உரையாடலுக்குப் பதிலாக இடையிடையே எழுத்துத் தலைப்புகள் தோன்றும். ‘ராஜா ஹரிச்சந்திரா’வில் அவை ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் இருந்தன. எழுதப் படிக்கத் தெரிந்தவர் மிகச் சிலரே ஆன அக்காலத்தில், அவற்றை உரக்கப் படித்து அவ்வூர் மொழியில் விளக்குவதற்கென்றே கொட்டகைகளில் ஒருவர் நிற்பது உண்டு. ஒரே சுருள் பம்பாயில் மராத்தியாயிற்று, அகமதாபாத்தில் குஜராத்தியாயிற்று, சென்னையில் தமிழாயிற்று. படத்தை மாற்ற வேண்டியதில்லை. கொட்டகையில் நிற்கும் மனிதரை மாற்றினால் போதும். பார்ப்போர் முன்னமே அறிந்த கதை, பூஜை அறையில் கண்ட உருவம், ஊர்மொழியில் ஒரு விளக்கம் ஆகிய இம்மூன்றையும் கொண்டு பால்கேயின் கலை மொழி எல்லைகளைக் கடந்து சென்றது.

அவருடைய இரண்டாம் படமான ‘மோகினி பஸ்மாசுர’னில் துர்காபாய் காமத் என்னும் அம்மையாரும் அவர் மகள் கமலாபாயும் நடித்தனர். இந்தியத் திரையில் பெண் வேஷத்தைப் பெண்களே ஏற்றது இவர்களால். 1914-ஆம் ஆண்டில் தம் படங்களோடு மீண்டும் லண்டன் சென்றார். அங்குள்ள பத்திரிகைகள் பாராட்டின. அங்கேயே தங்கிப் படமெடுக்க அழைப்பும் வந்தது. தம் தொழில் தம் நாட்டில் நிலைக்க வேண்டும் என்று கூறி அதை மறுத்துவிட்டார். ஆகஸ்டில் உலக யுத்தம் மூண்டது. கடன் வழிகள் அடைபட்டன. நாசிக்கில் அமைந்த அவருடைய படநிலையம் பெரும் நெருக்கடிக்குள்ளாயிற்று.

அந்நெருக்கடியிலிருந்து அவரைக் கைதூக்கி விட்டது 1917-ஆம் ஆண்டில் வெளியான ‘லங்கா தகனம்’. அதில் சாளுங்கே இராமனாகவும் சீதையாகவும் இரு வேஷம் கட்டினார். திரையில் இராமன் தோன்றியதும் மக்கள் காலணியைக் கழற்றிவிட்டு வணங்கினர் என்றும், சென்னையில் வசூலான காசு மூட்டைகளை மாட்டு வண்டியில் ஏற்றிப் போலீஸ் காவலுடன் அனுப்ப வேண்டியிருந்தது என்றும் சொல்வர். இதில் மிகை கலந்திருக்கலாம். ஆயினும் நாசிக்கில் ஒருவர் எடுத்த படம் சென்னை மக்களைத் தம் சொந்தக் கதையாகவே ஆட்கொண்டது என்பதில் ஐயமில்லை.

சென்னையிலும் அதன் எதிரொலி எழுந்தது. பால்கேயின் படங்களால் ஊக்கம் பெற்ற ஆர். நடராஜ முதலியார் என்னும் மோட்டார் வியாபாரி, புனாவில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேயப் படப்பிடிப்பாளரிடம் கேமரா இயக்கக் கற்றுக்கொண்டு வந்து, கீழ்ப்பாக்கத்தில் படநிலையம் அமைத்து, ‘கீசக வதம்’ என்னும் படத்தை எடுத்தார். தென்னிந்தியாவின் முதல் கதைப் படம் அது. அதற்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தலைப்புகள் அமைந்தன. ஹிந்தித் தலைப்புகளைக் காந்தியடிகளின் புதல்வர் தேவதாஸ் காந்தி எழுதித் தந்தார் என்று சொல்லப்படுகிறது. கீழ்ப்பாக்கத்துப் படமும் வடக்கே செல்லும் என்ற நம்பிக்கை அன்று இயல்பாக இருந்தது.

நிற்க. வெற்றி வந்த இடத்தில் முதலாளிகளும் வந்தனர். 1918-ஆம் ஆண்டில் பம்பாய் வணிகர் சிலருடன் கூடி ‘ஹிந்துஸ்தான் சினிமா பிலிம்ஸ் கம்பெனி’யைப் பால்கே தொடங்கினார். அதன் பெயரால் ‘ஸ்ரீ கிருஷ்ண ஜன்ம’மும், 1919-ஆம் ஆண்டில் ‘காளிய மர்த்தன’மும் வெளிவந்தன. பின்னதில் பாலகிருஷ்ணனாக நடித்தவள் அவர் மகள் மந்தாகினி. கதை தொடங்குமுன் அச்சிறுமியின் முகத்தை மட்டும் அருகில் காட்டி, கோபம், வியப்பு, நகைப்பு என்று பாவங்கள் மாறி மாறி வருவதை அவர் காட்டுகிறார். சொல்லில்லாத கலைக்கு முகமே நூல் என்பதை இதைவிடத் தெளிவாக உணர்த்த இயலாது.

கலைஞரின் மனமும் கணக்கரின் பேரேடும் நெடுநாள் ஒத்துப் போகவில்லை. செலவைக் குறைக்க வேண்டும், விரைவில் முடிக்க வேண்டும் என்று கூட்டாளிகள் வற்புறுத்தினர். மனம் வெறுத்த பால்கே கம்பெனியை விட்டு விலகிக் காசிக்குச் சென்று, ‘ரங்கபூமி’ என்னும் மராத்தி நாடகத்தை எழுதினார். சில ஆண்டுகளில் மீண்டும் அதே கம்பெனிக்குத் திரும்பினார்; ஆனால் பழைய உரிமை திரும்பவில்லை.

1927-ஆம் ஆண்டில் சர்க்கார் சினிமாத் தொழிலை ஆராய ஒரு கமிட்டியை நியமித்தது. அதன் தலைவர் சென்னை வக்கீல் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். கமிட்டியின் முன் பால்கேயும் சாட்சியம் அளித்தார். தாம் தொடங்கிய நாளில் இத்தொழிலைப் பற்றி இந்நாட்டில் எவருக்கும் எதுவும் தெரியாது என்றும், கதை எழுதுவது, நடிப்புச் சொல்லிக் கொடுப்பது, படம் பிடிப்பது, திரையில் காட்டுவது எல்லாவற்றையும் தாமே செய்ய நேர்ந்தது என்றும் அவர் கூறியிருக்கிறார். அதில் பெருமிதம் உண்டு. ஒருவித ஆயாசமும் உண்டு.

அதே காலத்தில், பம்பாய் மௌனப் படங்களில் புகழோங்கி விளங்கிய ஒருவரை நாம் மறத்தல் ஆகாது. புதுக்கோட்டையைச் சேர்ந்த நாகலிங்கம், பி. கே. ராஜா சாண்டோ என்ற பெயருடன் பம்பாய்ப் படக் கம்பெனிகளில் கதாநாயகனாக நடித்தார். படங்களை இயக்கவும் செய்தார். அவர் தாய்மொழி என்னவென்று பார்ப்பவர் எவரும் கேட்கவில்லை. கேட்க அவசியமும் நேரவில்லை. உடற்கட்டும் முகபாவமும் போதுமானவையாக இருந்தன. பால்கே திறந்த வழியில் தமிழர் ஒருவர் தலைநிமிர்ந்து நடந்தார்.

1931-ஆம் ஆண்டு மார்ச் 14-ஆம் நாள் பம்பாயில் ‘ஆலம் ஆரா’ வெளியாயிற்று. திரை பேசத் தொடங்கிற்று. அதே ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் ‘காளிதாஸ்’ சென்னையில் வெளியாயிற்று. தமிழ் ஒலித்த முதற் கதைப் படமாகிய அதுவும் பம்பாயிலேயே எடுக்கப்பட்டது. அதில் கதாநாயகி டி. பி. ராஜலக்ஷ்மி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பதிலளித்தார் என்பர். ஒரு வழக்கம் மறைந்து மற்றொன்று இன்னும் நிலைபெறாத நேரத்தின் அடையாளம் அது. விரைவில் ஒவ்வொரு மொழிக்கும் ஒவ்வொரு படம், ஒவ்வொரு நடிகர் கூட்டம், ஒவ்வொரு நகரம் என்று பிரிந்தன. ராஜா சாண்டோ தமிழகம் திரும்பி, 1935-ஆம் ஆண்டில் ‘மேனகா’ முதலிய தமிழ்ப் படங்களை இயக்கினார். பல ஊமைப் பட நடிகர்களுக்குத் தொழிலே இல்லாமற் போயிற்று.

பால்கேயும் அந்த வெள்ளத்தில் அகப்பட்டார். 1932-ஆம் ஆண்டில் அவர் முடித்த ‘சேது பந்தனம்’ மௌனப் படமாகவே எடுக்கப்பட்டது. திரை பேசத் தொடங்கிவிட்ட பின்பு மௌனப் படத்தை வாங்குவார் யார்? அதற்குப் பின்னால் ஒலி சேர்த்து வெளியிட வேண்டியதாயிற்று. கோலாப்பூரில் எடுக்கப்பட்டு 1937-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கங்காவதரணம்’ ஒன்றே அவர் பேசும் படமாக எடுத்தது. அப்போது அவருக்கு வயது அறுபத்தேழு. அதன் பின் நாசிக்கில் ஒதுங்கி வாழ்ந்து, 1944-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் நாள் காலமானார். ஏறக்குறைய தொண்ணூற்றைந்து கதைப் படங்களையும் பல குறும்படங்களையும் ஆக்கியவர் என்று கணக்கிடப்படும் அவருடைய மறைவை அன்றைய திரையுலகம் பெரிதாகக் கவனிக்கவில்லை.

பின்னர் கவனித்தது. 1969-ஆம் ஆண்டில் மத்திய அரசு அவர் பெயரால் விருது ஒன்றை நிறுவிற்று. முதல் விருது தேவிகா ராணிக்கு வழங்கப்பட்டது. தமிழ்த் திரையின் சிவாஜி கணேசன், கே. பாலசந்தர், ரஜினிகாந்த் ஆகியோரும் பிற்காலத்தில் அதனைப் பெற்றனர். ஆனால் பால்கேயின் படங்களோ பெரும்பாலும் அழிந்தன. அக்காலப் படச்சுருள் எளிதில் தீப்பற்றும் இயல்பினது. தீக்கு இரையாகாதவை வெப்பத்தில் மட்கிப் போயின. புனாவில் 1964-ஆம் ஆண்டில் அமைந்த தேசியத் திரைப்படக் காப்பகம், அதன் முன்னோடி பி. கே. நாயரின் முயற்சியால், எஞ்சிய சுருள்களைத் தேடிச் சேர்த்தது. ‘ராஜா ஹரிச்சந்திரா’வில் முதற் சுருளும் கடைசிச் சுருளுமே கிடைத்தன. அவையும் 1917-ஆம் ஆண்டில் அவரே மீண்டும் எடுத்த பதிப்பைச் சேர்ந்தவை என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. ‘காளிய மர்த்தனம்’ மட்டும் பெரும்பகுதி பிழைத்தது. நம் நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’ சிறிதளவும் மிஞ்சவில்லை.

திரை பேசத் தொடங்கியதை நாம் குறை கூறுவதற்கில்லை. தாய்மொழியைத் திரையில் கேட்டபோது தமிழன் அடைந்த பூரிப்பு உண்மையானது. தொலைவூர்களில் வாழும் நாம் ஒரு தமிழ்ப் படம் வந்தால் எவ்வளவு தூரமும் சென்று பார்த்த நாட்களை எண்ணினால் அது விளங்கும். பேசும் படம் ஒவ்வொரு மொழிக்கும் அதன் குரலைக் கொடுத்தது. ஆயினும் அந்தக் கொடைக்கு ஒரு விலையும் உண்டு. அடுத்த வீட்டுக்காரர் மொழி தெரியாமலே அவரோடு ஒரே வரிசையில் அமர்ந்து ஒரே படத்தை முழுவதுமாகப் புரிந்துகொண்ட காலம் அதனோடு முடிந்தது. அந்தக் காலம் ஏறத்தாழ இருபது ஆண்டுகளே நீடித்தது. அதைத் தொடங்கி வைத்தவர்களுள் முதல்வர் பால்கே.

தாதர் வழியே செல்லும் தமிழ் அன்பர்கள் அச்சாலையின் பெயர்ப்பலகையைக் காணும்போது, அங்கே ஒரு வீட்டில் சமையற்காரர் ஒருவர் அரசியானதையும், இல்லத்தரசி ஒருத்தி இருட்டறையில் அமர்ந்து ஆயிரக்கணக்கான அடிச் சுருளுக்குத் துளையிட்டதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். அவ்வீட்டில் உருவான படம் மராத்திக்கு எவ்வளவு சொந்தமோ அவ்வளவு தமிழுக்கும் சொந்தமாக இருந்தது.